முடி கொட்டாத மருந்து

— கையெழுத்து நான் போடுறன், பூரணம். நீ பேசாமல் காருக்குள்ள இரு.

— என் மார்புல வந்த கட்டிக்கு நீங்க எப்படி அண்ணே கையெழுத்துப் போடுவீங்க? புது மருந்துச் சோதனையில சேர டாக்டர் என் கையெழுத்தைத்தான் கேட்டார்.

— மெல்லமாக் கதை. கண்ணாடி திறந்து கிடக்கு.

— இது கிள்ளான் ஆஸ்பத்திரி லா. நம்ம பிரிக்பீல்ட்ஸ்ல யாரும் பாத்துடக் கூடாதுன்னுதானே இவ்வளவு தூரம் ஓட்டிக்கிட்டு வந்தீங்க?

— ஏன், இஞ்ச தமிழரே இல்லையோ? முப்பது வருஷம் காப்பார்த் தோட்டப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சு உன்ர தமிழும் மாறிப்போச்சு, வெக்கமும் போச்சு.

— வெக்கப்பட நான் என்ன திருடினேனா? ஊர் பூரா எனக்கு கேஸ்ட்ரிக்னு சொல்லி வச்சிருக்கீங்க. வெள்ளிக்கிழமை கோயில் பொம்பளைங்க மூணு பேரு வெந்தயக் கஞ்சி கொண்டு வந்துட்டாங்க. புத்துநோய்க்கு வெந்தயக் கஞ்சி.

— குடிச்சனிதானே?

— குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.

— அப்ப பிறகென்ன. குடும்பம் எண்டு ஒண்டு இருக்கு, அதையும் நினை. தீபாவளி முடிய பாலசுந்தரம் வீட்டார் என்ர மகள் ரமணியைப் பொம்பிளை பாக்க வருகினம். அவளின்ர மாமி நீ மொட்டைத் தலையோட பலகாரத் தட்டை நீட்டினால் என்ன நினைப்பினம்? கேஸ்ட்ரிக்கிலை முடி கொட்டினதா ஆரும் கேள்விப்பட்டிருக்கோ?

— அது உங்க தப்பு. பொய் சொல்றதுதான் சொல்றீங்க, முடி கொட்டுற வியாதியாப் பாத்துச் சொல்லியிருக்கணும்.

— பகிடி விடாதை. அதுதான் சொல்லுறன், புது மருந்தை எடு. அதிலை முடி கொட்டாது.

— அவ்வளவாக் கொட்டாதுன்னுதான் சொன்னார். அதுவும் அதே பழைய சிவப்பு மருந்துதான் அண்ணே. கண்ணுக்கே தெரியாத கொழுப்புக் குமிழிக்குள்ள அடைச்சு ஏத்துறாங்க. கட்டிகிட்ட போய்த்தான் கூடுதலா இறங்குமாம். ஹார்ட்டுக்கும் அவ்வளவு கெடுதல் இல்லையாம். ஆனா உள்ளங்கை, உள்ளங்கால் தோல் உரியலாம்.

— கைக்கு உறை போடலாம். காலுக்குச் சப்பாத்து. தலைக்கு என்னத்தைப் போடுறது?

— தைப்பூசத்துக்கு முன்னாடியே பத்துமலைக் கோயில்ல மொட்டை போட்டுக்கிட்டேன், வேண்டுதல்னு சொல்லிடலாம்.

— பைத்தியமோ? தோட்டத்துச் சனம் மாதிரி எங்கட ஆக்கள் பத்துமலையில மொட்டை அடிக்கிறதோ? அதுக்குக் கான்சர் எண்டே சொல்லிப்போடலாம்.

— அப்பாடா. அஞ்சு மாசம் கழிச்சு அந்தச் சொல்லு உங்க வாயில வந்துடுச்சு.

— சும்மா இரு. டாக்டருக்கு முறைப்படி டைப் அடிச்சுக் கடிதம் குடுத்தனான். ரயில்வேயில முப்பத்து நாலு வருஷம் சேவை, மூண்டு தலைமுறை அரசாங்க உத்தியோகம், ஆகவே என்ர தங்கச்சிக்குப் புது மருந்தே தரவேணும் எண்டு.

— தெரியும். படிச்சிட்டுச் சிரிச்சார். யாருக்குப் புதுசு, யாருக்குப் பழசுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுமாம்.

— கம்ப்யூட்டருக்கு நாங்கள் ஆர் எண்டு தெரியுமோ?

— தெரியக் கூடாதாம். ஆளைப் பாத்து மருந்து குடுத்தா எது நல்ல மருந்துன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இன்னும் சோதிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க.

— அப்ப கையெழுத்துப் போட்டாலும் பழசே கிடைக்கலாமோ?

— பாதிக்குப் பாதி. அதுலயும் டெஸ்ட் எல்லாம் முடிய மூணு வாரம் ஆகுமாம். சோதனையில சேராம பழசே போதும்னா திங்கக்கிழமையே ஏத்திடுவாங்க.

— மூண்டு வாரம் பொறுத்தால் என்ன குறைஞ்சு போகும்?

— வெட்டி எடுத்த இடத்துலயே திரும்பி வந்திருக்கு அண்ணே. மூணு வாரம் அது சும்மா இருக்கும்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா, டைப் அடிச்சு?

— பொறு, கண்ணாடியை ஏத்திவிடுறன்.

— பழசு என்ன செய்யும், என்ன செய்யாதுன்னு இருபது வருஷமாப் பாத்துட்டாங்க. வாந்தி வரும். முடி போகும். என் ஹார்ட் தாங்கும்னு சொல்லிட்டார். முடி போனா முளைச்சுக்கும். நான் திங்கக்கிழமை ஏத்திக்கப் போறேன்.

— ரமணியின்ர கலியாணம்?

— அத்தை முடியைப் பாத்துக் கட்டுறவன் எதுக்கு? அவளையும் செக் பண்ணிக்கச் சொன்னார். ரத்த சொந்தம் எல்லாரும் பாத்துக்கணுமாம். சரி, நான் உள்ள போறேன்.

— பூரணம், கொஞ்சம் நில்.

— என்ன சொன்னாலும் மாத்திக்க மாட்டேன்.

— மாத்த வேண்டாம். அந்த டாக்டரிட்ட ஒண்டு கேட்டுக்கொண்டு வா.

— என்ன கேக்கணும்? ஏன் அண்ணே, நெஞ்சை இப்படிப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க?

— இந்தக் கட்டி ஆம்பிளையளுக்கும் வருமோ எண்டு கேள். என்ர பேரைச் சொல்லாதை.