ஒரு விரல் இடைவெளி

அத்தான்: …தொடவே இல்ல மச்சான். கண்ணால பார்க்கக்கூட இல்ல. டிவி நாலாவது மாடியில. நான் மூணுக்கும் நாலுக்கும் நடுவுல, லிஃப்டுக்குள்ள தொங்கிட்டிருக்கேன். அங்கிருந்தே, வெறும் வாயால, இந்த டிவிக்குள்ள உலகத்தையே இறக்கிட்டேன்!

மச்சான்: வாயால.

அத்தான்: வாயால மட்டும்.

மச்சான்: நான் இன்னும் செருப்பே கழட்டல அத்தான். அதுக்குள்ள ஆரம்பிச்சாச்சா…

அக்கா: உள்ள வாடா தம்பி. ஒரு மாடி மேல இருந்துக்கிட்டு மூணு மாசம் கழிச்சு எட்டிப் பார்க்குற, அதுவும் வாசல்லயே நிக்கிற.

மச்சான்: இல்லக்கா, கிளம்பறேன். அத்தானோட ஸ்பேனர் ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு. குடுத்துட்டுப் போலாம்னு…

அத்தான்: ஸ்பேனர் எட்டு வருஷமா உன்கிட்டதான் இருக்கு. இன்னிக்குத்தான் அதுக்குக் கால் முளைச்சுதா? உக்காரு. இப்ப இடைவேளை, பதினஞ்சு நிமிஷம். என் பொண்ணு தண்ணி குடிக்கப் போயிருக்கா. மெயின் ரெஃப்ரி மச்சான்! ஃபுட்பால் இறுதி ஆட்டம்! இருபத்திரெண்டு பொண்ணுங்க குதிரை மாதிரி ஓடுறாங்க, இவ விசிலை ஊதினா அத்தனையும் கல்லா நிக்குது. பறக்குற பந்தே ஒரு நிமிஷம் ஆகாயத்துல நின்னுச்சுன்னா பார்த்துக்கயேன்.

மச்சான்: பந்து நிக்கல. அந்த முப்பத்தோராவது நிமிஷ மஞ்சள் அட்டை மட்டும் ரொம்பச் சரி. கால்லதான் உதைச்சா அந்தப் பொண்ணு, பந்துல இல்ல.

அத்தான்: …உன் வீட்டு டிவியில இது வராதே மச்சான். இன்டர்நெட்ல மட்டும்தானே காட்டுறாங்க?

மச்சான்: அது… படியில நின்னேன். உங்க வாசல் திறந்திருந்துச்சு.

அக்கா: நாப்பத்தஞ்சு நிமிஷம் படியிலயா நின்ன? காபி குடிக்கிறியா?

மச்சான்: அரை டம்ளர்.

அத்தான்: குடி, குடிச்சுக்கிட்டே கேளு. பேட்டரியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

மச்சான்: நான் முப்பது வருஷம் தராசு இன்ஸ்பெக்டரா இருந்தவன் அத்தான். ஒரு கிலோன்னு சொன்னா கல்லை வெச்சுப் பார்த்துட்டுத்தான் நம்புவேன். நீங்க எப்பவும் ஒரு கிலோவை ஒம்பதுன்னு சொல்ற ஆளு.

அத்தான்: நிறுத்துப் பாரு! மத்தியானம் மூணு மணி. டிவிக்கு இன்டர்நெட் கொண்டு வர்ற புதுக் குச்சி இன்னும் பெட்டியிலயே இருக்கு. ரிமோட்டுல பேட்டரி செத்துப்போச்சு. நாலு மணிக்கு ஆட்டம். கடைக்கு ஓடினேன். அம்பு மாதிரி…

அக்கா: போன மனுஷன் கடலைப் பொட்டலத்தோட வந்தாரு.

அத்தான்: பேட்டரியும் வாங்கினேன்ல? திரும்பி வந்து லிஃப்ட்ல ஏறி, கிரில் கதவைச் சாத்தி, பட்டனை அமுக்கறேன். மூணைத் தாண்டினதும் டொக்! நின்னுடுச்சு. மணி மூணு பத்து.

மச்சான்: ஏன் நின்னுச்சு?

அத்தான்: கதவுத் தண்டவாளத்துல கல்லு. கதவு திரும்ப நகர்ந்து வந்துடுச்சு.

மச்சான்: எவ்ளோ பெரிய கல்லு?

அத்தான்: பாறை.

மச்சான்: லிஃப்டுக்குள்ள பாறை.

அக்கா: அவர் செருப்புல ஒட்டி வந்த சரளைக்கல்லா இருக்கும்டா. இந்தப் பழைய லிஃப்ட்ல கதவு ஒரு விரல் திறந்திருந்தாலும் நகராதுன்னு அவரேதான் ஊரெல்லாம் சொல்வாரு.

மச்சான்: முப்பத்தி நாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கல்லை எடுக்கத் தெரியல.

அத்தான்: அது… நுணுக்கமான கல்லு. உனக்குப் புரியாது. அதை விடு. என் நிலைமையை யோசி. அரையிறுதியப்போ என்ன ஆச்சு? டிவி வரல. ராத்திரி பொண்ணு போன் பண்ணி, பார்த்தீங்களாப்பான்னு கேட்டா. நானும் வாயை வெச்சுக்கிட்டு…

அக்கா: "பிரமாதம்மா, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு"ன்னாரு. அவ, "நான் போட்ட சிவப்பு அட்டை யாருக்குப்பா?"ன்னு கேட்டா. இவர் ஒரு நம்பரைச் சொன்னாரு. அவ அன்னிக்குச் சிவப்பு அட்டையே போடல.

மச்சான்: ஐயோ.

அக்கா: ஒரு வாரம் பேசல. அப்புறம் பேசினப்போ, "அப்பா, நீங்க எல்லாத்தையும் பத்து மடங்கா சொல்வீங்க, நான் சிரிப்பேன். ஆனா பார்க்காததைப் பார்த்தேன்னு சொன்னது வலிச்சுது"ன்னா. இந்தத் தடவை, ரெண்டாம் பாதிக்கு விசில் ஊதறதுக்கு முன்னால கேமராவைப் பார்த்து ஒரு சைகை காட்டுவாளாம். அது என்னன்னு ராத்திரி இவர் சொல்லணும்.

மச்சான்: இல்லன்னா?

அத்தான்: இல்லன்னா ஒண்ணுமில்ல. இனிமே ஆட்டம் இருந்தா என்கிட்ட சொல்ல மாட்டா. அவ்ளோதான். மூஞ்சியை அப்படி வெச்சுக்காத. கதை இன்னும் இருக்கு! கத்தினேன். உங்க அக்கா வெளிய ஓடி வந்தா. நாலாவது மாடித் தரை என் தலைக்கு நேரா இருக்கு. கிரில் சந்துல கையை விட்டுப் பேட்டரியை நீட்டினேன், குனிஞ்சு வாங்கிக்கிட்டா. "நான் சொல்லச் சொல்ல நீ செய்"ன்னேன்.

மச்சான்: டார்ச்ல பேட்டரியைத் தலைகீழாப் போட்டுட்டு பல்பு போச்சுன்னு சொன்னவ எங்க அக்கா.

அக்கா: எனக்கும் எல்லாம் தெரியும்!

அத்தான்: கேளு. "அந்தக் குச்சியை நேரா டிவி முதுகுல செருகாத. பெட்டியில குட்டை ஒயர் ஒண்ணு இருக்கும், அதை நடுவுல போடு. இல்லன்னா குச்சி செவுத்துக்கும் டிவிக்கும் நடுவுல மூச்சு முட்டும், சூடாகும், சிக்னலும் தடுமாறும்"னேன். போட்டா. "கரண்டை டிவி பக்கத்துல இருக்குற ஓட்டையில குடுக்காத. அதுல பலம் பத்தாது, குச்சி விழுந்து விழுந்து எந்திரிக்கும். கூட வந்த அடாப்டரை மாட்டி, செவுத்து பிளக்ல போடு"ன்னேன். என்ன மச்சான், நெளியுற? காபி சூடா?

மச்சான்: சரி, மூணு மாசம் முன்னால நான் பழைய குச்சிக்கு டிவி ஓட்டையில இருந்துதான் கரண்ட் குடுத்தேன். அது பதினேழு தடவை எந்திரிச்சு உக்காந்துச்சு. நீங்க மட்டும்? "இதோ பாரு"ன்னு, அறுபத்தி மூணு சதவீதம் அப்டேட் ஓடிக்கிட்டிருக்கறப்ப பிடுங்கினீங்க. குச்சி அன்னிக்கே கோமாவுக்குப் போயிடுச்சு. என்னைப் பார்த்து, "என் டிவியில இனிமே உன் விரல் படக் கூடாது"ன்னு கத்தினீங்க.

அத்தான்: நீ என்ன சொன்ன? "கயித்துல பெட்டி இழுக்கத்தான் உங்களுக்குத் தெரியும்"ன்ன.

அக்கா: மறுபடியுமா? ஏழு நிமிஷம்தான் இருக்கு, ரெண்டு பேரும் சும்மா இருங்க.

அத்தான்: அந்த மூணு மாசமும் நான் புதுக் குச்சியோட கையேட்டை இருநூறு தடவை படிச்சேன். தலைகீழாப் படிச்சேன். கண்ணை மூடினா அம்புக்குறியா வருது. அதான் லிஃப்ட்ல இருந்து மழை மாதிரி கொட்டுச்சு. "படம் வரலன்னா குச்சி கெட்டுடுச்சுன்னு நினைக்காத. எந்த ஓட்டையில செருகினியோ அந்த நம்பரை ரிமோட்ல தேர்ந்தெடு." இவ எந்த நம்பர் தேர்ந்தெடுத்தா தெரியுமா?

மச்சான்: ரெண்டு.

அத்தான்: உன்னையா கேட்டேன்? அவளைக் கேட்டேன்.

அக்கா: ரெண்டு… ரெண்டுதான்.

அத்தான்: அப்புறம் வைஃபை. கீழ் வீட்டுப் பல் டாக்டரோட வைஃபைக்கும் நம்ம வைஃபைக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம். போன தடவை அரை மணி நேரம் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டிட்டிருந்தோம்! இவ ஒரே அடியில நம்மளைக் கண்டுபிடிச்சா. பாஸ்வேர்டு?

அக்கா: அதைச் சொல்லணுமா…

மச்சான்: அப்பாதொடாதே.

அக்கா: டேய்!

மச்சான்: மருமகதான் வெச்சா. எனக்கு அவளே ஒரு தடவை சொல்லியிருக்கா.

அத்தான்: இங்கிலீஷ்ல அடிக்கணும், முதல் எழுத்து பெருசு.

மச்சான்: நடுவுல 'தொ' வர்ற எழுத்தும் பெருசு. அதாவது… இருக்கும்னு நினைக்கிறேன். ஆனா இது நடந்திருக்க முடியாது அத்தான். கண்ணாடி இல்லாம அக்காவால பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எதுன்னு பார்க்க முடியாது. கண்ணாடி எங்கக்கா?

அக்கா: …உடைஞ்சு போயி நாலு நாளாச்சு.

மச்சான்: அப்போ கதை சரியில்ல. எடை குறையுது.

அத்தான்: கோடு! அந்த ரகசியக் கோடு வந்துச்சே, அதை எப்படிப் படிச்சா? டிவியில ஆறு எழுத்து வரும், சீக்கிரம் போன்ல அடிக்கணும், நேரம் போனா அதுவும் செத்துடும். முதல் கோடு செத்துச்சு. ரெண்டாவது கோடு வந்தப்போ, உள்ள இருந்து கட்டைக் குரல்ல ஒரு இருமல். மூணு தடவை. இவளுக்கு எப்பல இருந்து கட்டைக் குரல்?

அக்கா: எனக்கு ஜலதோஷம்.

மச்சான்: அவளுக்கு ஜலதோஷம்.

அத்தான்: ரெண்டு பேருக்கும் ஒரே ஜலதோஷம். சரி. கடைசியா அப்டேட். அறுபத்தி மூணுல வந்து நின்னுச்சாம். இவ குரல் நடுங்குது, "நின்னுடுச்சுங்க!" நான் லிஃப்ட்ல இருந்து இந்தக் கட்டடமே அதிர்ற மாதிரி கத்தினேன்: "யாரும் தொடக் கூடாது! கையைக் கட்டிக்கிட்டு நில்லு!" இந்த வீட்டுல அறுபத்தி மூணு ஒரு சாமி மாதிரி. அஞ்சு நிமிஷம். நூறு. மூணு அம்பத்தி ரெண்டுக்குப் படம் வந்துச்சு. அதே நிமிஷம் லிஃப்டும் தானா நகர்ந்துச்சு!

மச்சான்: தானா.

அத்தான்: தானா.

மச்சான்: நாப்பத்தி ரெண்டு நிமிஷம் எடுக்க முடியாத பாறை, படம் வந்ததும் கரைஞ்சு போச்சா? நான் நம்பல அத்தான். எதுவும் நடக்கல. பல் டாக்டரோட பையன் வந்து போட்டுட்டுப் போயிருப்பான்.

அத்தான்: நடக்கல?

மச்சான்: நடக்கல.

அத்தான்: சரி. ஒரே வழிதான் இருக்கு.

அக்கா: என்னங்க… எங்க போறீங்க? டிவிக்குப் பின்னால என்ன வேலை?

அத்தான்: பிடுங்குறேன். மொத்தமா அழிச்சுட்டு முதல்ல இருந்து. உங்க அக்கா செய்யட்டும், நான் வாயால சொல்றேன், நீ தராசைப் பிடிச்சுக்கிட்டு நின்னு பாரு.

அக்கா: பைத்தியமா உங்களுக்கு! ரெண்டு நிமிஷத்துல வந்துடுவா! சைகை!

மச்சான்: அத்தான், விளையாடாதீங்க. அதை அழிச்சீங்கன்னா மறுபடியும் அப்டேட் ஓடும். கோடு கேக்கும். கால் மணி நேரமாவது ஆகும்.

அத்தான்: உனக்கெப்படித் தெரியும்? நீதான் பார்க்கவே இல்லையே.

மச்சான்: பொதுவா… பொதுவா அப்படித்தான்.

அத்தான்: பொதுவா. சரி, ஒயரைப் பிடிச்சுட்டேன்.

அக்கா: டேய் தம்பி, சொல்லித் தொலையேன்டா! நான் எவ்வளவு நேரம்தான் ஜலதோஷம்னு சொல்லிட்டிருக்கறது!

அத்தான்: ஒண்ணு… ரெண்டு…

மச்சான்: கையை எடுங்க அத்தான், புள்ளைங்க எல்லாம் மைதானத்துக்கு வந்தாச்சு!

அத்தான்: நடந்துச்சா, நடக்கலையா?

மச்சான்: நடந்துச்சு! நீங்க சொன்ன அத்தனையும் நடந்துச்சு, போதுமா? நீங்க லிஃப்ட்ல இருந்து சொன்னீங்க, இந்த விரலாலதான் செருகினேன். அக்கா கூப்பிட்டா, மருமகளுக்காக வந்தேன், படம் வந்ததும் ஓடிட்டேன். படியேறும்போது திரும்பிப் பார்த்தேன். அந்தக் கல்லு உங்க கையில இருந்துச்சு. கதவை ஒரு விரல் திறந்து பிடிச்சுக்கிட்டு, கடலை தின்னுக்கிட்டு நின்னுட்டிருந்தீங்க. நீங்க வெளிய வந்தா நான் பாதியில போயிடுவேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு… இப்ப ஒயரை விட்டுட்டு இங்க வந்து உக்காருங்க. அதோ, கேமராவைப் பார்க்குறா… காதைப் பிடிச்சுத் திருகிக் காட்டுறா பாருங்க, உங்களைத்தான்!