பாயின் தழும்பு

பச்சைமுத்து: இன்னா பாய், நின்னுட்ட?

கமாலுதீன்: போஸ்டரு பாக்குறேன்.

பச்சைமுத்து: அது உரக் கம்பெனி போஸ்டரு. நீ ஜவுளி யாவாரி!

கமாலுதீன்: நீ மட்டும் மல்லாட்டைக் கடலை வாங்கறேன்னு நின்ன? உன் கொல்லையிலயே மூட்டை மூட்டையா வெளையுது!

பச்சைமுத்து: ...கெண்டைக்கால் புடிச்சிக்கிச்சி.

கமாலுதீன்: அப்புடிச் சொல்லு! திண்டிவனம் ஸ்டேஷனு எங்கயும் ஓடிடாது, நின்னு நின்னே போவலாம். டாக்டரு எண்ணச் சொன்னாரே, எத்தனை அடி நடந்தா வலி புடிக்குது?

பச்சைமுத்து: நூத்தி இருவது. போன மாசம் இருநூறு.

கமாலுதீன்: ஊசியிலயே ரத்தக்குழா விரியும்னு குதிச்சியே...

பச்சைமுத்து: இருவது ஊசி பாய்! மூஞ்சிதான் சுடுது, காலு சில்லுன்னு கெடக்குது. பெருவெரலு கறுத்துக்கினு வருது. "பீடி குடிச்சே குழாயைச் சுருக்கிட்ட. நாளைக்கு வந்து ஆபரேஷன் பண்ணிக்க, இல்லன்னா காலையே எடுக்கணும்"னு பட்டணத்து டாக்டரு சொல்லிட்டாரு.

கமாலுதீன்: தைரியமா போ. எனக்குப் பண்ண மாதிரிதான், விலாவோரமா ஒரு கீறல். குழாயை இறுக்கற நரம்பை வெட்டிட்டா, காலு வெதுவெதுன்னு ஆயிடும்.

பச்சைமுத்து: வலிக்குமா?

கமாலுதீன்: எறும்பு கடிக்கிற மாதிரி.

பச்சைமுத்து: போன தபா கொசுன்ன?

கமாலுதீன்: ...ரெண்டும் கடிச்சிது.

பச்சைமுத்து: தழும்பைக் காட்டு.

கமாலுதீன்: நடுரோட்டுலயா? லுங்கியை அவுக்கச் சொல்றியா!

பச்சைமுத்து: சட்டையைத் தூக்கு, போதும். உன்னை நம்பித்தான் பாய் போறேன். எங்கூட்டுக்காரி சின்னபொண்ணு அழுதுக்கினு கெடக்குறா...

கமாலுதீன்: ...இந்தா. பாத்துக்க.

பச்சைமுத்து: எங்க பாய்? வழவழன்னு இருக்குது!

கமாலுதீன்: சிரிக்கக் கூடாது.

பச்சைமுத்து: சொல்லு.

கமாலுதீன்: போன வருசம் பட்டணத்து ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருக்கேன். ஒருத்தன் கத்தியைத் தீட்டிக்கினே வர்றான். மயக்க மருந்து இல்ல, ஒண்ணும் இல்ல. "சட்டையைக் கழட்டு"ன்னான். எகிறிக் குதிச்சி, நூறடிக்கு ஒரு தபா நின்னு நின்னு எழும்பூர் ஸ்டேஷன் வரைக்கும் ஓடிட்டேன்!

பச்சைமுத்து: டாக்டரா?

கமாலுதீன்: ஆபரேஷனுக்கு முன்னாடி முடி வழிக்க வந்த பார்பரு.

பச்சைமுத்து: ஐயோ பாய்... சிரிச்சி சிரிச்சி வயிறு வலிக்குதே... ஏன்யா, ஊரெல்லாம் வெட்டிக்கினேன்னு சொல்லிட்டு, என்னை மட்டும் மாட்டி விடுறியா? எனக்கு வாணாம். ஊருக்கே திரும்பிடறேன், கெடார் பஸ்ஸைப் புடிக்கிறேன்.

கமாலுதீன்: திரும்பாத முத்து! காலு போயிடும்!

பச்சைமுத்து: ஓடியாந்த உனக்குக் காலு நல்லாத்தான இருக்குது?

கமாலுதீன்: செருப்பைக் கழட்டுறேன், பாரு... ரெண்டு வெரலு கறுத்துப்போச்சி. உன்னை வழியனுப்ப வரலய்யா, எனக்கும் நாளைக்குத்தான் ஆபரேஷன். தனியாப் போனா மறுபடி ஓடிடுவேன்னுதான் உன்னைக் கெளப்புனேன்... என் கையைக் கெட்டியாப் புடிச்சிக்க.