பட்டன் தெரியாத பக்கம்

கூட்டம் காலை பத்தேகாலுக்குத் தொடங்கியது. டீ வந்தது, வடை வரவில்லை. நீங்கள் கேட்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு பயிற்சி மையம். வெப்சைட் செய்யக் கற்றுத்தரும் ஆரம்பநிலைச் சான்றிதழ் என் பொறுப்பு. தேர்வில் எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்யக் கூடியிருந்தோம். நான் இரண்டு திருத்தங்கள் கொண்டுபோனேன். போன் திரைக்கு ஏற்றபடி பக்கத்தை அமைக்கும் பாடம் வேண்டாம். ஆரம்பநிலைக்கு அது அதிகம். செய்முறைத் தேர்வை அவரவர் சொந்த லேப்டாப்பில் செய்ய வேண்டும், பொறுப்பு வரும்.

உடன் பாடம் நடத்தும் ஜெயா மட்டும் கேட்டார்.

"லேப்டாப் இல்லாத புள்ளைங்க இன்னா சார் பண்ணும்?"

"கத்துக்கணும்னு இருந்தா வாங்கும்."

கையெழுத்துப் போட்டார்கள். நியாயமான திருத்தங்கள். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

என் வகுப்பில் படித்த காட்டேரிக்குப்பம் புவனேஸ்வரியிடம் போன் மட்டும்தான் இருந்தது. பெற்றோர் கரும்பு வெட்டப் போகிறவர்கள். நோட்டில் கோடிங் எழுதிப் பழகி, போனில் போட்டுப் பார்ப்பாள். சான்றிதழ் வந்தால் புதுச்சேரியில் ஒரு கம்பெனி அவளை எடுத்துக்கொள்வதாக இருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு மூன்று மாதம் முன்பு, மையத்துக்காக நான் செய்த பக்கத்தை அவள் வகுப்பில் போனில் தூக்கிக் காட்டினாள்.

"சார், உங்க பேஜு போன்ல ஒடஞ்சு தெரியுது. பட்டனே காணோம்."

"அது பாகூர் பஸ்ல ஏறிப் போயிடுச்சிடி" என்றான் பின்வரிசை ராஜ்மோகன்.

முப்பது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாடத்திட்டத்தில் ஒருத்தியின் பெயரை எழுத முடியாது. அதனால் அவளுக்குத் தெரிந்ததை எடுத்தேன், அவளிடம் இல்லாததைச் சேர்த்தேன். லேப்டாப் இல்லாத வேறு பதினேழு பேரும் தேர்வுக்கு வராமல் நின்றுபோனார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

தேர்வன்று கரியமாணிக்கத்தில் யாரிடமோ லேப்டாப் இரவல் வாங்கி வந்திருந்தாள். விதியைக் காட்டினேன். சொந்த லேப்டாப் என்றிருந்தது. அந்தச் சொல்லை யோசித்துத்தான் போட்டிருந்தேன்.

அவள் சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் ஒழுங்கு நடவடிக்கை என்று முடித்திருப்பேன். லேப்டாப்பைப் பையில் வைத்தாள். போனை எடுத்து என் மேசைமேல் வைத்தாள்.

"கோவிச்சிக்காதீங்க சார். பழகறதுக்கு உங்க பேஜத்தான் எடுத்துச் சரி பண்ணேன். இப்ப பட்டன் தெரியுது. பாக்கறீங்களா?"