பதினேழாம் குறிப்பு

நூலின் கடைசியில் வரும் குறிப்புகளுக்கு எழுத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து வைப்பது வழக்கம். தாள் மிச்சமாகும் என்று சொல்வார்கள். யாரும் படிப்பதில்லை என்பதுதான் காரணம். எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். நூலை எழுதியவர்களுக்கு மட்டும் தெரியாது.

என் வேலையை முதலில் விளக்கிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது. நான் நூல்களுக்குப் பக்கம் அமைக்கிறேன். நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் பக்கத்தைக் கண்ணால் பார்த்து அடுக்க முடியாது. எல்லாவற்றையும் கட்டளையாக எழுத வேண்டும். ஒரு வாக்கியத்துக்குக் குறிப்பு வேண்டுமென்றால், அந்த வாக்கியத்தின் நடுவிலேயே கட்டளையைப் போட்டு, அடைப்புக்குறிக்குள் குறிப்பை எழுதி, அடைப்பை மூட வேண்டும். மென்பொருளை ஓட்டிப் பார்த்தால் வாக்கியத்தில் ஒரு சிறிய எண் மட்டும் நிற்கும். குறிப்பு வேறொரு கோப்பில் போய்க் காத்திருக்கும். நூல் முடியும் இடத்தில், சேர்ந்ததையெல்லாம் இங்கே இறக்கு என்று இன்னொரு கட்டளை கொடுக்க வேண்டும். அப்போதுதான் குறிப்புகள் அச்சில் வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கடைசிக் கட்டளையை ஒருமுறை மறந்துவிட்டேன். வரிவிதிப்பின் வரலாறு பற்றிய தடித்த நூல். உள்ளே நூற்றுக்கணக்கில் எண்கள், பின்னால் ஒன்றுமில்லை. அச்சாகி, அட்டை கட்டப்பட்டு, நூலகங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. வேலை போய்விடும் என்று காத்திருந்தேன். ஒரு புகார்கூட வரவில்லை. எழுதிய பேராசிரியர் இனிப்புப் பெட்டியோடு வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி சிரித்துச் சிரித்துக் கட்டிலில் சாய்ந்துவிட்டாள்.

"அப்போ நீ பாட்டுக்கு என்னைப் பத்திகூட பின்னாடி எழுதலாம். எவனுக்கும் தெரியாது."

"என்னன்னு எழுத?"

"என்னன்னா? எழுத ஒரு விஷயம்கூட இல்லையா என்கிட்ட? யோசி, யோசி. நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பல்லு விழுந்துடும்."

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பார்வை நன்றாகத்தான் இருந்தது. இருந்தும் வெறும் கண்ணாடி போட்ட சட்டம் ஒன்றை மாட்டிக்கொண்டு போவாள். "விக்கிறவளே போடலன்னா எவன் வாங்குவான்?" என்பாள். வீட்டில் அவள் பேசுவாள், நான் ம் கொட்டுவேன். எல்லோரும் பேசி ஓய்ந்தபிறகு கடைசியாக ஒரு வரி சொல்கிறேன் என்று எனக்குப் பின்குறிப்பு என்று பெயர் வைத்திருந்தாள். "ஏய் பின்குறிப்பு, ஒரு வார்த்தை சேர்த்துப் பேசினா என்ன, வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?"

அவள் இறந்த நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தலைவலி என்று வேலைக்குப் போகவில்லை. நான் போனேன். மதியத்துக்கு முன்பு மேசையில் போன் ஒளிர்ந்தது. அவளிடமிருந்து நீளமான செய்தி. அப்போது நான் ஒரு குறிப்பின் அடைப்பைத் திறந்து வைத்திருந்தேன். மூட மறந்தால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் அந்தக் குறிப்புக்குள் இழுபட்டுப் போகும். போனைக் கவிழ்த்து வைத்தேன். அடைப்பை மூடினேன். பிறகு அதற்கடுத்த குறிப்பு, அதற்கும் அடுத்தது. பக்கத்து வீட்டு அம்மா அலுவலகத்துக்குப் போன் செய்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். யார்மேலும் தவறில்லை என்றும் சொன்னார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் நல்ல பெண் என்றார்கள். அதற்குமேல் யாரிடமும் ஒன்றும் இல்லை. அவளுடைய பொருள்களை எடுத்துவரக் கடைக்குப் போனேன். அவள் நின்ற இடத்தில் வேறொரு பெண் நின்றாள். அவளும் கண்ணாடி போட்டிருந்தாள்.

வீட்டில் செய்ய அதிகமில்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர். குளிர்சாதனப் பெட்டி உறுமி ஓயும்போது நான் ம் என்று சொல்லிவிடுவேன். பழக்கம்.

மறுபடி வேலைக்குப் போன வாரம் கையில் இருந்தது மண் வளம் பற்றிய நூல். குறிப்புகளில் பாதி 'மேலது' என்ற ஒரே சொல். முன் குறிப்பில் சொன்ன அதே நூல் என்று அர்த்தம். அதில் ஒரு மேலதை நீக்கிவிட்டு, போர்வைக்கு வெளியே ஒரு காலை நீட்டிக்கொண்டுதான் அவள் தூங்குவாள் என்று எழுதினேன். ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை வைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்கும் அக்கா குறிப்புகளைப் படிப்பதில்லை, எண்ணுவார். உள்ளே கடைசி எண்ணும் பின்னால் கடைசி எண்ணும் ஒன்றாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

"படிச்சுப் பார்க்க மாட்டீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"இந்த எழுத்தையா? எறும்புக்குக்கூட கண்ணாடி போட்டாத்தான் தெரியும். எழுதினவரு பார்த்துக்குவாரு, விடு. நீ சாப்பிட்டியா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல."

"ம்."

"என்ன ம்? மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா? வா, என் டப்பாவுல ரெண்டு பேருக்கு இருக்கு."

எழுதினவரும் பார்க்கவில்லை. நூல் வெளிவந்தது. அடுத்த நூலில், பேருந்தில் போகும்போது கடைப் பெயர்களை அவள் வாய்க்குள் வாசித்துக்கொண்டே வருவாள் என்று எழுதினேன். அதற்கடுத்ததில் இன்னொன்று. ஒவ்வொரு நூல் வெளிவந்த பிறகும் காத்திருந்தேன். இந்தப் பெண் யார் என்று ஒருவராவது கேட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். கேட்டால் சொல்வதற்குப் பதிலும் தயாராக இருந்தது. யாரும் கேட்கவில்லை. அவளைப் பற்றி ஓர் அலமாரி நிறைய நூல்களில் எழுதியிருந்தேன். அவள் இருந்ததாக ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகு ஒரு மருத்துவர் எழுதிய கையேடு வந்தது. சிறிய ஊர்களில், ஒரு நர்ஸ் தனியாக நிற்கும் மருத்துவமனைகளுக்கானது. எந்த நோய்க்கு எந்த மருந்து, எவ்வளவு என்று அட்டவணை. மருத்துவர் நேரில் வந்து என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அட்டவணைக்குள்ள எச்சரிக்கையெல்லாம் திணிக்காதீங்க தம்பி. சந்தைக்கடை மாதிரி இருக்கு. எண் போடுங்க, விவரத்தைப் பின்னாடி தள்ளுங்க."

"பின்னாடி யாரும் பார்க்க மாட்டாங்க சார்."

"இதுல பார்த்துத்தான் ஆகணும். உயிர் விஷயம். பார்க்காம ஊசி போட்டுட முடியுமா?"

அவர் போன பிறகும் அந்த வாக்கியம் என்னிடம் இருந்தது. பார்த்துத்தான் ஆகணும். இத்தனை காலம் நான் செய்த தவறு எனக்கு அப்போதுதான் விளங்கியது. யாருக்கும் தேவைப்படாத குறிப்புகளில் அவளை வைத்திருந்தேன்.

கையேட்டின் குறிப்புகள் எல்லாவற்றையும் படித்தேன். மருந்தை வெயில் படாமல் வைக்கவும், குப்பியைக் குலுக்கவும் என்பது போன்றவை பல. அவற்றைப் புரட்டாமலே ஒருவர் வேலையை முடித்துக்கொள்வார். அவற்றால் பயனில்லை. பதினேழாவது அப்படி இல்லை. அட்டவணையில் ஊசி மருந்தின் அளவுக்குப் பக்கத்தில் 'சிறுநீரகம் பழுதானவர்களுக்கு' என்று போட்டு எண் மட்டும் இருந்தது. அளவு குறிப்பில்தான் இருந்தது. அப்படி ஒரு நோயாளி முன்னால் படுத்திருந்தால், யாராக இருந்தாலும் பின்பக்கத்தைத் திருப்பியாக வேண்டும்.

அந்தக் குறிப்பு நான்கு வரி. அதை எடுத்துவிட்டு நான்கு வரி எழுதினேன். பக்கம் நகரக்கூடாது அல்லவா.

"கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பார்வை நன்றாக இருந்தும் கண்ணாடி போட்டுக்கொள்வாள். பேருந்தில் கடைப் பெயர்களை வாசித்துக்கொண்டே வருவாள். போர்வைக்கு வெளியே நீட்டிய காலை உள்ளே எடுத்துவிட்டால் தூக்கத்திலேயே திரும்ப நீட்டுவாள். முப்பது வயது ஆகவில்லை."

அக்கா எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார். அவரை இதில் சேர்க்காதீர்கள். அவருக்குத் தெரியாது.

கோப்பு மாறிவிட்டது என்று சொல்லும்படி எங்கள் முதலாளி நேற்று கேட்டுக்கொண்டார். "மென்பொருள் கோளாறுன்னு சொல்லுப்பா. ஊர்ல எவனுக்குப் புரியப்போகுது?" என்றார். அவர் நல்லவர். ஆனால் மென்பொருள் அப்படிச் செய்யாது. கொடுத்ததை அது கொடுத்த இடத்தில் வைக்கும். தவறுதலாக வந்தது என்று சொன்னால், அந்த நான்கு வரியும் குப்பை என்றாகிவிடும். ஆகவே நீங்கள் ஆள் அனுப்புவதற்கு முன்பு நானே காவல் நிலையத்துக்கு வந்தேன்.

என்ன நடக்கும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அளவு தெரியாத நர்ஸ் ஒருவர், கேட்க ஆளில்லாத நேரத்தில், அட்டவணையில் உள்ள முழு அளவையே போடுவார். போட்டால் அந்த நோயாளி பிழைக்க மாட்டார். எனக்கு அந்த நோயாளிமேல் வருத்தம் எதுவும் கிடையாது. அவர் யாரென்றே தெரியாது. புரட்டுகிறவர்தான் எனக்கு வேண்டியிருந்தது.

இறந்தவர் பள்ளி வேன் ஓட்டியவர் என்பதை இங்கே வந்துதான் அறிந்தேன். அவர் மனைவி வெளியே பெஞ்சில் இருந்தார். நீங்கள் கூப்பிடும்வரை நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மடியில் வேன் சாவி வைத்திருந்தார். என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"குடிங்க தம்பி. உதடெல்லாம் காஞ்சு கிடக்கு. நீங்க யாருக்காக வந்திருக்கீங்க?"

"என் மனைவி விஷயமா."

"ஐயோ. அவங்களுக்கும் இந்த ஊசிதானா?"

"இல்ல. அது வேற."

"என்ன வயசு?"

சொன்னேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கேட்டதால் மற்றதையும் சொன்னேன். கண்ணாடி, பேருந்து, போர்வை. கடைசிவரை கேட்டார். பிறகு, "இவரும் அப்படித்தான், தூங்கும்போது ஸ்டியரிங் புடிச்ச மாதிரியே கையை வெச்சுக்குவாரு" என்றார். அவர் அழுதது அப்போதுதான். அவரிடம் நான் வேறு எதுவும் சொல்லவில்லை. நான் யாரென்று நீங்கள் அவரிடம் சொல்லும்போது, தண்ணீருக்கு நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள்.

நர்ஸின் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். பக்கம் மாறிவிட்டதோ என்று எண்ணைச் சரிபார்த்து, அந்தக் குறிப்பை இரண்டு முறை படித்ததாகச் சொல்லியிருக்கிறார். மருத்துவரைப் போனில் பிடிக்க முடியவில்லை. நோயாளிக்கு மூச்சு வாங்கியது. பிறகு ஊசியைப் போட்டிருக்கிறார். இரண்டு முறை என்ற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். உங்கள் முகம் மாறியது. நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் என் மனைவியைப் பற்றி எழுதியதை முழுக்கப் படித்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். அவரைத் தண்டிக்கக் கூடாது.

கையேட்டின் மற்ற பிரதிகளையெல்லாம் திரும்ப வாங்கி அழிக்கப் போவதாகச் சொன்னீர்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். இதற்கெல்லாம் திருத்தச் சீட்டு ஒட்டும் முறை இருக்கிறது. சரியான அளவைச் சின்னத் தாளில் அச்சிட்டு ஒட்டினால் போதும். பக்கத்தின் ஓரத்தில் இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்திருக்கிறேன். அவளுடைய வரிகளின் மேல் ஒட்டத் தேவையில்லை.

அவ்வளவுதான். படிக்கப்படாமல் ஒருவர் போய்விடக் கூடாது என்று நினைத்தேன். அதற்காகச் செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். என் போனை வாங்கி வைத்திருக்கிறீர்கள். செய்திகளில் அவள் பெயருக்கு எதிரே பச்சை வட்டத்தில் ஒன்று என்று சின்னதாக ஓர் எண் நிற்கும். அவள் இறந்த அன்று, மதியத்துக்கு முன்பு வந்தது. உங்கள் ஆட்கள் யாரும் அதைத் திறந்துவிட வேண்டாம். நான் இன்னும் படிக்கவில்லை.