டி.சி.க்குப் பின்பக்கம்

இல்லக்கா, மாப்பிள்ளை வீட்டுலேருந்து வரல்ல. நல்லா நினைச்சிய போங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரி இப்பிடியா பஸ்ஸுல விசர்த்து ஒழுகி, நாலு வயசுப் பிள்ளையையும் இழுத்துட்டு வருவா? கழுத்துல சிலுவை கிடக்கு பாருங்க. நான் ஜாஸ்மி. உங்களுக்க மவ பாஹிமா போன வருஷம் நாகர்கோவில்ல படிச்சாளே, அந்தக் காலேஜில அட்மிஷன் ஆபீஸர்.

சாயா வேண்டாம்க்கா. பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் வெள்ளம் தாருங்க. பாஹிமா எங்க? குளச்சலுக்கா? வாப்பாக்கு மருந்து வாங்கவா? அப்ப வர ஒரு மணிக்கூறு ஆவும். நல்லது. இல்ல, சும்மா சொன்னேன். ஷெரின், அங்க மாமா படுத்திருக்காவ, கட்டில்ல ஏறப்பிடாது, இங்க வந்து இரு மக்கா.

அண்ணனுக்கு இப்பமும் வலது கை எழும்பல்லையா? ம்ம். பேச்சு வருதுல்லா, அது போதும். துபாயில விழுந்தப்ப ஒரு கூட்டாளி பக்கத்துல இருந்தது நல்லதாப் போச்சு.

அக்கா, பாஹிமாக்க டி.சி. வீட்டுல தானே இருக்கு? அதைக் கொஞ்சம் எடுத்துட்டு வாறியளா? கொண்டு போக மாட்டேன். கர்த்தர் மேல சத்தியம். உங்க கண்ணு முன்னாலதான் வச்சிருப்பேன். சரி, இப்ப எடுக்க வேண்டாம். நான் முதல்ல சொல்லுகேன், கேட்டுட்டுப் பொறவு எடுங்க.

எத்தனை காலேஜில போய்க் கேட்டா அவ? ஆறு. தெரியும். ஆறு இடத்துலயும் சீட்டு நிறைஞ்சு போச்சுன்னு சொன்னாவ. இல்லையா? அப்பிடிச் சொன்ன ஆளுவதான் மறுநாளு வடசேரி பஸ் ஸ்டாண்டுல நின்னு நோட்டீஸு குடுத்துப் பிள்ளை பிடிக்காவ. அறுநூறுக்கு ஐநூத்தி நாப்பத்தாறு எடுத்த பிள்ளைக்கு மட்டும் சீட்டு இல்ல. அவளுக்க நேரம் சரியில்லன்னு நினைச்சியளா? நேரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

எங்களுக்கு ஒரு சங்கம் உண்டுக்கா. சிரிக்காதிய. ஆட்டோக்காரங்களுக்கு மட்டுமா சங்கம் இருக்கணும்? காலேஜ் பதிவாளருமாரு, அட்மிஷன் ஆபீஸருமாரு எல்லாரும் சேந்தது. வருஷத்துக்கு ஒருக்கா ஹோட்டல்ல ஏசி ஹால் எடுத்து, குத்துவிளக்கு கொளுத்தி, மாணவர் நலனே நமது மூச்சுன்னு பேனரு கெட்டி, ஆளாளுக்குப் பொன்னாடை போட்டுக்கிடுவம். ரசலையன் சாருன்னு ஒருத்தரு தலைவரு. ரிட்டையர் ஆயி ஆறு வருஷம் ஆச்சு, நாற்காலி அவரை விடல்லையா அவரு நாற்காலிய விடல்லையான்னு தெரியல்ல.

அந்தச் சங்கத்துல ஒரு ஏற்பாடு உண்டு. மினிட்ஸ்ல கிடையாது, மெயில்ல கிடையாது. சாயா குடிக்கப் போற இடத்துல வாயால பேசி வச்சது. பாதியில காலேஜ விட்டுட்டுப் போற பிள்ளைக்க டி.சி.ல, பின்பக்கம், இடது மூலையில, பென்சில்ல ஒரு புள்ளி வைக்கணும். அவ்வளவுதான். அது இருந்தா வேற எந்தக் காலேஜும் அந்தப் பிள்ளைய எடுக்கப்பிடாது. டி.சி.ய வாங்குவாவ, முன்பக்கம் வாசிக்குத மாதிரி வாசிப்பாவ, சும்மா திருப்புவாவ, பொறவு மூஞ்சிய வருத்தமா வச்சுக்கிட்டு, சீட்டு இல்லம்மா. பென்சில் எதுக்குன்னா கேக்கிய? பேனாவால வச்சா நாளைக்குக் கேஸுக்கு ஆவும்லா.

எங்களுக்கும் ஒரு நியாயம் உண்டுக்கா, இல்லன்னு சொல்லல்ல. சில பிள்ளையளு மூணு காலேஜில சேந்து வச்சுட்டு, கிளாஸு தொடங்குன பொறவு எது நல்லா இருக்கோ அங்க ஓடிரும். இங்க பெஞ்சு காலியாக் கிடக்கும். பெஞ்சு காலியானா முதல்ல போறது எங்களுக்க வேலை. அதுக்குத்தான் இந்த ஏற்பாடுன்னு சொன்னாவ. நானும் நம்புனேன். நம்பத்தானே செய்யணும்.

ஆமாக்கா. பாஹிமாக்க டி.சி.லயும் இருக்கு. அதுக்குத்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன்.

யாரு வச்சதா? ஆபீஸ்ல வச்சதுதான். ஆபீஸுன்னா... பத்துப் பேரு இருக்கம்லா.

சொல்லி முடிக்க விடுங்க. போன சனிக்கிழமை மீட்டிங்கு. எனக்குச் சிறந்த அட்மிஷன் ஆபீஸருன்னு பொன்னாடை. போட்டோவெல்லாம் எடுத்தாவ. பொறவு சாப்பாடு. பிரைட்டன்னு ஒரு சாரு, சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொல்லுகாரு: தேங்காய்ப்பட்டணத்துலேருந்து ஒருத்தி வந்தா, நல்ல மார்க்கு, கையில ஃபைலு, குடிக்க வெள்ளம் வேணுமான்னு கேட்டேன், டி.சி.ய வாங்கித் திருப்புனா புள்ளி. ஐயோ பாவம்னு அனுப்பிட்டேன்னு. அடுத்த மேசையில ஒருத்தரு, அவளா, எங்ககிட்டயும் வந்தாளேன்னாரு. அந்தப் பக்கம் ஒருத்தி கையைத் தூக்குகா. பொறவு இன்னொரு கை. ஆஜர் சொல்லுத மாதிரி, ஆறு கை. எண்ணி எண்ணிச் சிரிக்காவ. ரசலையன் சாரு எல்லாரையும் ஒருக்கா பாத்துட்டு, பாத்தியளா நம்ம ஒற்றுமைய, அப்பிடின்னாரு. அதுக்குக் கைதட்டு வேற.

நான் சிரிச்சேனா? சிரிச்சேன்க்கா. சிரிக்காம இருந்தா ஏன்னு கேப்பாவல்லா. எலையில நெய்மீன் பொரிச்சது கிடந்துது. சவம், இறங்கல்ல.

அந்தச் சாப்பாட்டுக்கு வராத ஒரே ஆளு நேசம்மாள் சிஸ்டர். காய்ச்சலு. இங்கேருந்து ஒரு பஸ்ஸுல போனா சிஸ்டர்மாரு காலேஜ் இருக்குல்லா, அங்க அட்மிஷன் அவியதான். பாஹிமாக்க கதை அவியளுக்கு இன்னும் தெரியாது. அங்க பி.எஸ்சி. கணக்குல ஒரு சீட்டு கிடக்கு. நாளைக்கு நாலு மணியோட முடிஞ்சுது. மத்தியானம் அண்ணனைத் திருப்பிப் படுக்கப் போட அவ ஓடி வந்துட்டும் போலாம். நாளைக்கு விட்டா அடுத்த வருஷந்தான். அடுத்த வருஷம்னு ஒண்ணு உங்க வீட்டுல அவளுக்கு இருக்கா? நீங்களே என்னைப் பாத்ததும் மாப்பிள்ளை வீட்டுக்காரின்னுதானே நினைச்சிய.

சிஸ்டர் நல்ல மனுசிதான். ஆனா எல்லாப் பேப்பரையும் திருப்பிப் பாப்பாவ. அவியளும் சங்கத்து மெம்பருதானே.

எடுத்துட்டு வாருங்கக்கா. நேரம் போவுது.

ஷெரின், அம்மாக்கு உனக்க ரப்பரைத் தா மக்கா. திருப்பித் தருவேன். இல்ல, திங்க மாட்டேன். ஸ்ட்ராபெரி மணமுள்ள ரப்பருக்கா இது, கையில கிடைச்சது இதுதான். இவளை எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்னா நினைக்கிய? பஸ்ஸுல தெரிஞ்ச ஆளு யாரும் கண்டா, பிள்ளைக்குத் துறைமுகம் காட்டப் போறேன்னு சொல்லுததுக்கு. நான் இங்க வந்தது வெளிய தெரிஞ்சா, எங்க காலேஜில மட்டும் இல்ல, ஜில்லாவுல ஒரு காலேஜுலயும் எனக்கு நாற்காலி கிடையாது. எங்க வீட்டுக்காரரு ஸ்டெனிக்கு வேலை இல்ல. மஸ்கட்டுலேருந்து வந்து எட்டு மாசம் ஆச்சு. நேத்து ஸ்டெனிகிட்டகூடச் சொல்லல்ல. பயந்தாங்கொள்ளின்னு நினைச்சுக்கிடுங்க. எனக்கும் ஒரு பெண்பிள்ளை இருக்குல்லா.

குடுங்க. இந்தா, இங்க. கண்டியளா? ஒரு கடுகு அளவு. இதுக்குத்தான் ஆறு காலேஜு.

பைய தேய்க்கணும். சீலு மேல படப்பிடாது.

வீட்டுல தீனம், நோய், சாவுன்னா புள்ளி வைக்கப்பிடாதுன்னும் ஒரு பேச்சு உண்டுக்கா. அவ்வளவு மனுசத்தன்மை எங்களுக்கும்... ஆமா. ஆமாக்கா. வாப்பாக்கு ஸ்ட்ரோக்குன்னு ஆஸ்பத்திரி பேப்பரு அவ கொண்டு வந்தா. பதிவாளர் பாத்தாரு. பாவம், சீக்கிரம் டி.சி.ய எழுதிக் குடுத்து விடுன்னுதான் சொன்னாரு.

நான் ரெண்டு வாரம் இழுத்தேன். நாளைக்கு வா, திங்கக்கிழமை வா. எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுகது. பதினஞ்சாம் நாளு அவ போனை எடுத்துக் கவுண்டர்ல வச்சா. சர்ட்டிபிகேட்டைப் பிடிச்சு வைக்கப்பிடாதுன்னு ஒரு சர்க்குலரு, இங்கிலீஷ்ல. எனக்கு இங்கிலீஷ் தெரியும்மா, நீ படிச்சுக் காட்டாண்டாம்னு சொன்னேன். நான் நாகர்கோவில் கான்வென்டுல படிச்சவக்கா. தமிழ்ல பேசுனா முட்டி போடச் சொல்லுவாவ. அப்போ ரெண்டாவது வரிய வாசிங்கக்கான்னா. மரியாதையாத்தான் சொன்னா. வரிசையில நின்ன தகப்பன்மாரு, பியூன் பகவதியப்பன் வரைக்கும், எல்லாரும் சிரிச்சுட்டாவ. வாசிச்சேன். பொறவு உள்ள போய் அவளுக்க டி.சி.ய எழுதினேன்.

பென்சில் போயிட்டு பாருங்க. சுத்தமாப் போயிட்டு. கறுப்பு இல்ல.

இல்ல, அது குழி. வெளிச்சத்துல சரிச்சுப் பிடிச்சாத்தான் தெரியும். முன்பக்கம் விரலை வச்சுப் பாருங்க, முள்ளு மாதிரி தட்டுது. மத்த பிள்ளையளுக்க புள்ளி இப்பிடி இருக்காதுக்கா. தொட்டும் தொடாம வைப்போம், ஊதினாப் போயிரும். சிஸ்டருக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலுதான்... ரெண்டு கனத்த புஸ்தகத்துக்கு நடுவுல வச்சுப் பாருங்க, நாளைக்குக் காலையில வரைக்கும்.

ஆபீஸ் இல்லக்கா. நான்தான். பென்சில் முனை ஒடியுத வரைக்கும் அழுத்தினேன்.