சகாயம்மாள் அவிழ்த்த பாவுக் கயிறு

"என் வாசல் கம்பியில கயித்தைக் கட்டிப்புட்டு எனக்கே வழி விடமாட்டேங்கிறீங்க. இது தெருவா, உங்க தறிக்கூடமா?" என்று மாதா கோயில் தெருச் சகாயம்மாள் முழங்கவும், "தெரு நீளப் பாவை வீட்டுக்குள்ள சுருட்டி வச்சா விரிக்கிறது?" என்று நெசவாளர் இளையபெருமாள் எதிர்முழக்கமிடவும், இரு முழக்கங்களுக்கும் நடுவே காபி டம்ளரோடு வந்து நின்ற எங்கள் கைத்தறிக் கூட்டுறவுச் சங்க மேலாளரே! பொறுமைப் பெட்டகமே! பெருமதிப்பிற்குரிய மதிவதனி அம்மையாரே! வணக்கம்.

அன்று சண்டை முற்றி, சகாயம்மாள் கயிற்றை அவிழ்த்தேவிட்டார். அவிழ்த்த பிறகுதான், தறியேற்றுவதற்காகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த பட்டு நூல் பாவின் முனை தம் கையில் இருப்பதும், விட்டால் அத்தனை இழையும் சிக்கிப்போகும் என்பதும் அவருக்கு விளங்கிற்று. சிக்கினால் இளையபெருமாளின் தறி சும்மா கிடக்கும். வீட்டில் உலை ஏறாது. கயிற்றைத் திரும்பக் கட்ட ஓடிய இளையபெருமாளைத் தாங்கள் கண்ணாலேயே நிறுத்தினீர்கள். சகாயம்மாளிடம், "அவிழ்த்தது இருக்கட்டுங்க. அவங்க பொழப்பு இப்ப உங்க கையிலதான் இருக்கு, விட்டுடாதீங்க" என்றீர்கள். பிறகு மீதிக் காபியைக் குடித்தீர்கள்.

திட்டிக்கொண்டே பிடித்திருந்தார் சகாயம்மாள். கை கடுத்ததும் மகள் பிரின்ஸியைக் கூப்பிட்டார்; பிரின்ஸி பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டார். இளையபெருமாளின் மகன் தமிழ்மாறனோ, அறுந்த இழைகளை முடிச்சிட்டபடி, அவசியத்துக்கு மேல் நிதானமாக, பிரின்ஸி நின்ற முனைக்கு வந்து சேர்ந்தார். சங்கத்து வாசலில் நின்ற நாங்கள் அதையும் கவனித்தோம். தெருவில் பாவு கிடக்கையில் உள்ளே எங்களுக்கு வேறென்ன வேலை? அதற்குள் கோபம் தேய்ந்து, சகாயம்மாளின் அடிமனதில் கிடந்தது வெளியே வந்தது.

"கட்டுறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஒருவரும் கேட்டதில்லை. அந்தத் தெருவை வெறும் நீளமாகவே பார்த்துவந்த சங்கத்துக்கு, அதில் மனிதர் குடியிருப்பதைக் காட்டியவர் தாங்களே! ஊடும் பாவும் உரசாமல் துணி ஏது? அந்த உரசல் பகையாகாமல் காத்தவரும் தாங்களே! பாவு விரிப்பதற்கு முதல் நாள் மாலையே வீடுவீடாகப் போய், "நாளைக்குப் பாவுங்க, வாசல் வேணும்" என்று கேட்கும் வழக்கம் அன்று பிறந்தது. ஒருமுறை நாங்கள் கேட்க மறந்து, சகாயம்மாள் எங்களோடு பேசாமல் இருந்தது தனிக்கதை.

மறுவருடம் பிரின்ஸிக்கும் தமிழ்மாறனுக்கும் மணம் முடிந்தது. தங்களுக்கு அதில் பங்கே இல்லை என்கிறீர்கள். அலுவலகத்தில் நம்புவார் இல்லை. சம்பந்தியான பின்னும் இளையபெருமாள் கேட்டுவிட்டுத்தான் கயிறு கட்டுகிறார். மணமக்கள் பேராவூரணிக்குப் போய்விட்டார்கள். தாங்களும் பணி ஓய்வு பெற்று, தங்கை அம்சத்தோடு இருக்கக் கீழ்வேளூருக்குப் போகிறீர்கள். லாரி பேசியாயிற்று என்பதும் எங்களுக்குத் தெரியும். போன இடத்தில் முழங்கால் வலி நீங்கி, நல்ல உறக்கமும் நீண்ட ஆயுளும் பெற்று வாழ்க!

இங்ஙனம்,
தங்களைப் பிரிய மனமில்லாத சங்கப் பணியாளர்கள்