நிழலுக்குள் இருந்த வெடிப்பு

கலியாண வீட்டுப் படங்களுக்கு ஜேபெக் கோப்பு போதும், சார். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். மாப்பிள்ளை பெண்ணின் முகம் பளிச்சென்று இருந்தால் சரி. அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அடையாள அட்டைப் படத்துக்கும் அதுதான். இறம்பொடையில் ஸ்டூடியோ போட்ட நாள் முதல் ஜேபெக்கை வைத்துத்தான் நான் சாப்பிட்டேன். அதை இழிவாகப் பேசமாட்டேன்.

நீங்கள் கேட்டது வேறு. ஜீவராணி அக்காவுக்கு நான் கொடுத்த படம் ஏன் ஜேபெக்காக இருந்தது, அதே படம் என் கணினியில் ஏன் ரோவாக இருந்தது, இரண்டும் ஏன் ஒன்றுபோல் இல்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆறுதலாகச் சொல்கிறேன்.

ரோ என்றால் பச்சை. சமைக்காதது. லென்ஸுக்குள் வந்த வெளிச்சம் அத்தனையும் அதில் அப்படியே கிடக்கும். பார்க்க மங்கலாக, உயிரில்லாமல் இருக்கும். ஆனால் கணினியில் போட்டு இருட்டான இடத்தைக் கொஞ்சம் தூக்கினால், அதாவது வெளிச்சமாக்கினால், உள்ளே இருப்பதெல்லாம் எழுந்து வரும். ஜேபெக் சமைத்து இறக்கியது. எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுத்து, வேண்டாததை எறிந்துவிட்டுத்தான் அது உங்கள் கைக்கு வரும். எறிந்தது எறிந்ததுதான்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. முன்பு கொத்மலைப் பக்கம் ஒரு மண்சரிவு. நான் போய்ச் சேரும்போது செம்மண்ணும் நசுங்கிய தகரமும்தான் மிச்சம். எடுத்த படத்தை வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கு அனுப்பினேன். கடைசிச் சுற்று வரைக்கும் போனது. பிறகு, படத்தில் கை வைக்கவில்லை என்று பார்க்க, ரோ கோப்பை அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். என்னிடம் ஜேபெக்தான் இருந்தது. அத்தோடு முடிந்தது. அன்றைக்கு என் மனைவி வினோதா சொன்னாள்:

"விடுங்க. விழுந்து கெடக்குற மண்ண யாரு வேணும்னாலும் படம் எடுப்பாங்க. அதுல என்னா இருக்கு?"

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அது வேறு விதமாக உறைத்தது. விழுந்து கிடக்கிற மண்ணை யாரும் எடுக்கலாம். விழுகிற மண்ணை, அதுவும் ரோவில், எடுத்த ஒருவரை நான் இன்னும் கண்டதில்லை.

மழை விடாமல் பெய்த அந்த வாரம் ஜீவராணி அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தார். தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில், தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்து மாதர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. நான் பிறந்ததும் அந்த லயத்தில்தான். என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவர். குடையை மடக்காமலே வாசலில் நின்று பேசினார்.

"தம்பி, லயத்துக்கு மேல தேயிலைக்குள்ள நெலம் வெடிச்சிருக்கு. ரோடு ஒடஞ்சதால மண்சரிவு பாக்குற ஆபீசர் வர முடியாதாம். படம் அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்னு சொல்லிட்டாரு. எங்க போன்ல எடுத்தா ஒண்ணுமே வெளங்கல. நீ வந்து நல்லா புடிச்சு குடுப்பா."

லயத்து ஆட்கள் அப்போது வெடிப்புக்குப் பயந்து பாடசாலைக் கட்டடத்தில் இருந்தார்கள். பிள்ளைகள் ஈரத் தரையில் படுத்துச் சளி பிடித்துக் கிடந்தன. எல்லோருக்கும் வீட்டுக்குத் திரும்ப ஆசை. ஆபீசர் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.

நான் மேலே ஏறிப் போய் எடுத்தேன். மேகம் இறங்கி நல்ல இருட்டு. ஸ்டூடியோவுக்கு வந்து ரோவைத் திறந்து, நிழலைத் தூக்கினேன். வெடிப்பு மலையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி போல வளைந்து கிடந்தது. அதற்குக் கீழே இருந்த நிலம் முழங்கால் அளவு இறங்கியிருந்தது. மரங்கள் லயத்துப் பக்கம் சாய்ந்து நின்றன. எந்த நேரமும் மண் இறங்கி வரும் என்று புரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பிறகு அதை ஜேபெக் ஆக்கினேன். நிழலைக் கறுக்கவிட்டேன். பச்சையைக் கொஞ்சம் கூட்டினேன். அழகான படம். வெடிப்பு இருந்த இடம், செடிகளுக்கு நடுவே தண்ணீர் ஓடும் கான் போலத் தெரிந்தது. நான் எதையும் அழிக்கவில்லை, சார். எதையும் மறைத்து வரையவில்லை. கெமராவை ஜேபெக்கில் வைத்திருந்தால் அதுவே ஏறக்குறைய இதைத்தான் செய்திருக்கும்.

ஆபீசர் கனகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். படத்தைப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போனில் சொல்லியிருக்கிறார்: "உது கான் போலத்தான் கிடக்குது. பயப்பிடாதேங்கோ. ரோட்டு சரியானாப்பிறகு நான் நேரில வந்து பாக்கிறன்." அவர்மேல் பிழை இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார். சனங்கள் பாய் தலையணையோடு லயத்துக்குத் திரும்பினார்கள். அக்கா எனக்குப் போன் எடுத்து, "நல்லா இருப்பப்பா" என்றார்.

அதன் பிறகு நான் லயத்துக்குக் கீழே ஓடும் ஓடைக்கு இந்தப் பக்கம், எதிர்மலையில் கெமராவை நிறுத்தினேன். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் போய்விடுவேன். இங்கிருந்து மலையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவர் அதை லயம் முழுக்கச் சொல்லியிருந்தார். தம்பி பார்த்துக்கொள்கிறான் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

ரோவில் ஒரு கஷ்டம் உண்டு. கோப்பு பெரிது. விடாமல் அழுத்தினால் கெமரா திணறி நின்றுவிடும். ஜேபெக் என்றால் அது பாட்டுக்கு ஓடும். ஆகவே ரோ எடுப்பவனுக்குப் பொறுமை வேண்டும். அவசரப்பட்டால், சரியான கணம் வரும்போது கெமரா செத்துக் கிடக்கும்.

அன்றைக்குக் காலை மழை விட்டிருந்தது. முதலில் சிறு கற்கள் உருண்டன. பிறகு மேலே நின்ற மரங்கள் நடக்கத் தொடங்கின. சாயவில்லை, நின்றபடியே மெல்ல இறங்கி வந்தன. சட்டைப் பையில் போன் அடித்தது.

"தம்பி, மேல என்னமோ கரகரன்னு சத்தம் கேக்குது. அங்கருந்து பாத்தா ஏதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணுமில்லக்கா. தண்ணி எறங்குற சத்தம். நீங்க உள்ள இருங்க."

ஓடச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருந்தால் ஓடியிருப்பார்கள். அதற்கு நேரமும் இருந்தது. ஆனால் ஆளில்லாத இடத்தில் மலை விழுந்தால் அது வெறும் மண். எவ்வளவு பெரிய மலை என்று பார்ப்பவனுக்கு விளங்க, அதன் அடியில் ஓர் ஆள் வேண்டும். படம் எடுக்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான்.

லயத்தின் கடைசி அறையில், ஓரத்துக் காம்பராவில், இருந்த நாகலெட்சுமி ஈரத்துணி காயப்போட வாசலுக்கு வந்தார். என்னைக் கண்டதும் கையை ஆட்டினார். "எங்களயும் ஒண்ணு புடிங்க தம்பி" என்று ஓடைக்கு மேலாகக் கத்தியது கேட்டது. சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, ஸ்டூடியோவில் நிற்பதுபோல நேராக நின்றார். அவருக்குப் பின்னால் மலை வந்தது. அப்போதுதான் நான் விரலை வைத்தேன். கெமரா தானாக நிற்கும்வரை விரலை எடுக்கவில்லை.



அவருடைய மகள் லோஜினி கொழும்பிலிருந்து வந்திருக்கிறாளாம். மாலை போட்டு வைக்க அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது என்று அழுகிறாளாம். வழக்குக்காக நீங்கள் எடுத்து வைத்திருக்கிற மெமரி கார்டைக் கொடுத்தால், அந்த முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுப்பேன். பின்னால் இருக்கும் மண் தெரியாது. நன்றாகச் சிரித்திருக்கிறார்.

அதற்கு நான் ஒன்றும் வாங்கமாட்டேன், சார்.